ஒரு நிமிடம் கழித்து நாடி

டாக்டர் நாடி பார்க்க வந்தார். எஸ்டேட் கணக்கு எழுதும் கிராணி சாம்பசிவம் எதற்கு வந்தார்?

"சும்மா நம்பர் எழுதிக்கிறேன்லா, படிச்ச பிள்ளை. துரை கேட்டாரு."

மேனேஜர் துரை கேட்டாராம். ஆள் குறைக்கப் போகிறார்கள் என்று 1983 தொடங்கியதிலிருந்தே பேச்சு. வேலை போனால் எஸ்டேட் கொடுத்த லைன் வீடும் போகும். என் அம்மா செல்லம்மாவுக்கு ஐம்பத்தொரு வயது.

சீன டாக்டரம்மாவுக்குத் தமிழ் தெரியாது. இந்தத் தேயிலை எஸ்டேட்டின் முதல் பட்டதாரி என்பதால் என்னை உதவிக்கு வைத்திருந்தார். இடுப்பளவு, பிரஷர், சர்க்கரை பார்த்த பிறகு, பெண்கள் மரப்படியில் மூன்று நிமிடம் ஏறி இறங்க வேண்டும். உட்கார்ந்ததும் ஒரு தடவை, ஒரு நிமிடம் கழித்து ஒரு தடவை நாடியை எண்ணுவேன். துடிப்பு மளமளவென்று இறங்கினால் நல்லது. இறங்காமல், பெருத்த இடுப்பும் சர்க்கரையும் பிரஷரும் சேர்ந்திருந்தால் ஆபத்து.

ஆறு பேர் ஆயிற்று. ஒருத்திக்கும் இறங்கவில்லை. கடிகாரத்தைச் சந்தேகப்பட்டேன், கிராணியைச் சந்தேகப்பட்டேன். பிறகுதான் பெஞ்சுக்கடியில், ஆறாவதாக உட்கார்ந்த மணியம்மாவின் கால்களைப் பார்த்தேன். கைலிக்குள் மிதித்துக்கொண்டே இருந்தன.

"என்னக்கா பண்றீங்க?"

"நம்பர் ஏறட்டும்னுதான் எல்லாரும் மிதிக்கிறோம். கொழுந்து நிறுக்கையில கூட வந்தா நல்லதுதானே?"

"இது கூடை இல்லக்கா, நெஞ்சு! குறையணும்!"

"அத முன்னாடியே சொல்லித் தொலைக்க வேணாமா? காலு விட்டுப்போச்சுடி!"

சிரிப்பில் எஸ்டேட் ஆஸ்பத்திரியின் தகரக் கூரை அதிர்ந்தது. சொல்லாதது என் தப்பு. ஓய்வு கொடுத்து மறுபடி ஏறச் சொன்னேன். எல்லோருக்கும் இருபது, முப்பது என்று இறங்கியது.

கடைசியாக அம்மா. இடுப்பு, சர்க்கரை, பிரஷர் மூன்றுமே அவளுக்கு அதிகம். அவள் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்; அசையவில்லை. உட்கார்ந்ததும் நூற்று நாற்பத்தெட்டு. ஒரு நிமிடம் கழித்து நூற்று நாற்பத்து நான்கு.

"எவ்வளவு?" என்றார் கிராணி, பேனாவைத் தூக்கிக்கொண்டு.

டாக்டரின் அட்டையில் 144 என்று எழுதினேன். அதைக் கவிழ்த்துப் பிடித்தபடி தமிழில் உரக்கச் சொன்னேன்: "நூத்திப் பன்னெண்டு."

எழுதிக்கொண்டார். டாக்டர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கிராணி நோட்டில் குனிந்திருக்கையில், மலைக்குக் கீழே உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதி என் கையில் கொடுத்தார்.

"நூத்திப் பன்னெண்டா! நமக்கென்ன குறைச்சல்?" அம்மா கூடையைத் தூக்கினாள். "மேட்டுல ரெண்டு வரிசை பாக்கி."

அவளிடமிருந்து கூடையைப் பிடுங்கி என் முதுகில் மாட்டினேன்.

"பட்டம் வாங்கிட்டு கொழுந்தா?" என்றார் கிராணி.

"ஏன், என் கை பட்டா தேத்தண்ணி கசக்குமா?"

அம்மா திட்டிக்கொண்டே பின்னால் வந்தாள். திருப்பம் தாண்டி, கிராணியின் கண்ணுக்கு மறைந்ததும், அவளைக் கல்லில் உட்கார வைத்தேன்.

"நூத்தி நாப்பத்து நாலும்மா. குறையல. நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

மூச்சு வாங்கியபடி என்னையே பார்த்தாள். பிறகு வந்த வழியைத் திரும்பிப் பார்த்தாள்.

"அந்தக் கடுதாசிய உள்ள வைடி," என்றாள். "அவன் கண்ணுல பட்டுடப் போவுது."