மெயின் சுவிட்ச்

கடைக் கம்ப்யூட்டர் காலையிலேயே கண்ணை மூடிவிட்டது. ஹார்ட் டிஸ்க் போச்சு, இனித் தேறாது என்று மெக்கானிக் கையை விரித்துவிட்டுப் போனபோதும் ஸ்டூடியோக்காரர் அலட்டிக்கொள்ளவில்லை. அதற்குத்தானே ஆன்லைன் பேக்கப் வைத்திருக்கிறார்? எடுத்த படமெல்லாம் நெட் வழியாகப் போய் எங்கேயோ பத்திரமாக உட்கார்ந்திருக்கும். இந்த விஷயத்தில் அவருக்கிருந்த தெம்பு கொஞ்சநஞ்சமல்ல. தெருவிலுள்ள கடைக்காரர்களுக்கெல்லாம் வகுப்பெடுக்காத குறைதான்.

மனைவியின் ஃபோனை வாங்கித் திறந்து பார்த்தார். ‘வீடு’ என்று பேர் வைத்த ஃபோல்டரில் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்ததெல்லாம் நேற்றுவரை ஏறியிருந்தது. ‘கடை’யில், பேக்கப் ஆரம்பித்த அன்று ஏறிய பழைய படங்கள், அதோடு சரி. பகலில் ஏற்றினால் வேலை இழுக்கிறதென்று, கடை மூடிய பிறகு தானாக ஏறும்படி வைத்தவர் அவர்தான்.

"பூட்டும்போது மெயின் சுவிட்சை அணைச்சுட்டுத்தானேங்க வர்றேன்," என்றாள் மனைவி. சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது.

பக்கத்துத் துணிக்கடை மின்கசிவில் எரிந்ததிலிருந்து அவளுக்கு அந்தப் பழக்கம். அவர் வெளியே வண்டியைக் கிளப்பிக்கொண்டு நிற்பார். உள்ளே டக்கென்று சத்தம் கேட்கும். பொறுப்பானவள் என்று தினமும் மனசுக்குள் மெச்சிக்கொள்வார். இப்போது யாரைத் திட்டுவது? ரெண்டு பேரும் கடையைக் காப்பாற்றத்தான் பாடுபட்டிருக்கிறார்கள், கண்றாவி.

மற்ற படங்களுக்கு ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம். ஆனால் சாயங்காலம் டீச்சர் வருகிறார். கேமரா என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் தன் அம்மாவை எப்படியோ கெஞ்சிக் கூத்தாடிக் கூட்டிவந்து இங்கே படம் எடுக்க வைத்தவர். அந்த அம்மாவும் அன்றைக்கு என்ன தோன்றியதோ, வாய்விட்டுச் சிரித்தார். அப்புறம் வந்து பார்த்து எடுத்துக்கொள்கிறேன் என்ற டீச்சர் வரவேயில்லை. போன வாரம் அம்மா போய்விட்டார். வேறு படமே கிடையாது, எல்லாத்தையும் குடுத்துடுங்க சார் என்று ஃபோனில் கேட்ட குரல் இவர் காதை விட்டுப் போகவில்லை. கேமரா கார்டிலோ அதற்குமேல் எத்தனையோ கல்யாணங்கள் ஏறிவிட்டன.

இருப்புக்கொள்ளாமல் வாசலுக்கும் மேசைக்கும் நடந்தார். உட்கார்ந்தார், எழுந்தார், ஆறிப்போன டீயைக் குடித்தார். செத்த கம்ப்யூட்டரை இன்னொரு முறை தட்டிப் பார்த்தார்.

"ஒண்ணே ஒண்ணு இருக்குங்க," என்றாள் மனைவி திடீரென்று. பெரிதாகப் போட்டுக் காட்டலாமென்று ஒரு படத்தைப் பென் டிரைவில் கொண்டுபோய்த் திருத்தி, முடித்ததை மட்டும் வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டுவிட்டு, பென் டிரைவை அன்றைக்கே காலி பண்ணிவிட்டாளாம். ‘வீடு’க்குள் தேடித் திறந்தார்கள். அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தார்.

டீச்சர் வந்ததும் ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொல்லி ஃபோனை நீட்டினார். டீச்சர் வெகுநேரம் பார்த்தார்.

"அம்மாவுக்கு இங்க பெரிய மச்சம் இருக்கும்," என்றார் டீச்சர், தன் கன்னத்தைத் தொட்டு. "அதுக்காகத்தான் ஃபோட்டோவே வேணாம்பாங்க. அன்னைக்குத்தான் மறந்துட்டுச் சிரிச்சாங்க."

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். மச்சத்தை எடுப்பதற்கு மட்டும் அவள் எவ்வளவு பொறுமையாக உட்கார்ந்திருந்தாள் என்பது அவருக்குத் தெரியும்.

ஃபோன் திரை மங்கியது. அணைந்துவிடாமலிருக்க, வழவழவென்றிருந்த அந்தக் கன்னத்தில் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பத் தொட்டுக்கொண்டிருந்தார் டீச்சர்.