சைரன் போடாத கேப்டன்

கொலராடோ மலைகளுக்குள் இருக்கும் எங்கள் பள்ளத்தாக்கில் தீயணைப்பு வாரியத் தேர்தல் வந்தால் யாரும் கொடி பிடிப்பதில்லை. சம்பளமில்லாத பதவி. மாதம் ஒரு கூட்டம், ஆறிப்போன காப்பி, இந்த வருஷம் டயர் வாங்குவதா, தண்ணீர் பீய்ச்சும் ஹோஸ் குழாய் வாங்குவதா என்று ஒரு சண்டை, அவ்வளவுதான். நிற்க ஆளே கிடைக்காமல் தேர்தல் நடக்காமல் போன வருஷங்கள் உண்டு. அந்த வருஷம் மட்டும் ஒரு நாற்காலிக்கு இரண்டு பேர் நின்றார்கள். ஒருத்தி என் மனைவி ஆர்டிஸ். இன்னொருவன் மாட்டுப்பண்ணை ஹார்லன்.

விஷயம் இதுதான். பள்ளத்தாக்கின் கீழ்க்கோடியில் பெரிய ஸ்டேஷன். மேல்கோடியில், எங்கள் வீட்டுப் பக்கம், ஒரு தகரக் கொட்டகையும் ஒரே ஒரு வண்டியும். அதன் பெயர் மேல் ஸ்டேஷன். அதை மூடிவிடலாம் என்பது வாரியத்தில் இரண்டு பேரின் கட்சி, கூடாது என்பது மற்ற இரண்டு பேரின் கட்சி. ஐந்தாவது நாற்காலிக்கு யார் வருகிறார்களோ அவர்கள் கையில் முடிவு. மூடினால் எங்கள் பக்கத்து வீடுகளுக்குத் தண்ணீர் கீழேயிருந்து வர அரை மணி நேரம் ஆகும். ஒரு மரவீடு எரிந்து முடிய அவ்வளவு நேரம் தேவையில்லை.

“ரெண்டு ஸ்டேஷனையும் பாதிப் பட்டினி போடறதுக்கு ஒண்ண ஒழுங்கா வெச்சுக்கலாம். அந்தக் கொட்டகைய மூடுவேன், அதுக்குத்தான் ஓட்டுக் கேக்கறேன்” என்று ஹார்லன் வீடு வீடாகச் சொன்னான். ஹார்லன் கெட்டவனில்லை. கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும்.

ஆர்டிஸ் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். மேல் ஸ்டேஷன் தன்னார்வலர்களுக்குக் கேப்டன். நானும் பெனிட்டோவும் இன்னும் இரண்டு பேரும் அவளுக்குக் கீழே. காலையிலேயே போய் ஓட்டுப் போட்டுவிட்டு வரலாம் என்று நான் தலைபாடாக அடித்துக்கொண்டேன். வேட்பாளர் காலையிலிருந்தே வாக்குச்சாவடி வாசலில் ஆட்களோடு நின்றால் நன்றாக இருக்காதாம். எல்லோரும் வேலை முடித்து மாலையில் போவோம் என்றாள். கேப்டன் சொன்னால் சொன்னதுதான். வீட்டிலும் அப்படித்தான், அது வேறு கதை.

மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் அழைப்பு வந்துவிட்டது. மலையடியில் ஒருவர் பாசன வாய்க்காலில் காய்ந்த புல்லைக் கொளுத்தியிருக்கிறார். வசந்தம் வந்தால் எல்லோரும் செய்வதுதான். காற்று திரும்பியதும் நெருப்பு மேய்ச்சல் நிலத்துக்குத் தாவிவிட்டது. நாங்கள் ஐந்து பேரும் போய் அணைத்தோம். அணைத்ததும் கிளம்பியிருக்கலாம். ஆர்டிஸ் கையுறையைக் கழற்றிவிட்டுச் சாம்பல்மேல் புறங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டே முழு நிலத்தையும் நடந்தாள். சூடு தட்டிய இடத்திலெல்லாம் மண்ணைக் கிளறித் தண்ணீர் விடச் சொன்னாள். நான் சூரியனைப் பார்த்தேன், கடிகாரத்தைப் பார்த்தேன், அவளைப் பார்த்தேன். அவள் மண்ணைத்தான் பார்த்தாள்.

அப்படியும் நேரம் இருந்தது. கீழ் ஸ்டேஷனில்தான் வாக்குச்சாவடி, ஏழு மணிவரை. நேராக அங்கேயே போய்விடலாம் என்று வண்டியை விட்டாள். ஆற்றுப் பாலம் வரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் போனது. பாலத்தில் ஒரு வண்டிக்குத்தான் இடம். எதிர்ப்பக்கத்திலிருந்து ஹார்லனின் மாடுகள் கோடை மேய்ச்சலுக்கு ஏறிவந்து கொண்டிருந்தன. முதல் மாடு பாலத்தில் கால் வைத்துவிட்டால் கடைசிக் கன்று தாண்டும்வரை மற்றவர்கள் நிற்க வேண்டும் என்பது எங்கள் ஊர் வழக்கம். சைரன் கேட்டால் மட்டும் பின்னால் வரும் குதிரைக்காரர்கள் மந்தையை நிறுத்தி வழி விடுவார்கள்.

“டெல், கைய எடு” என்றாள் ஆர்டிஸ்.

“எதுல இருந்து?”

“எதுலன்னு உனக்கே தெரியும்.”

என் கை சைரன் பொத்தானுக்குப் பக்கத்தில் இருந்தது. பக்கத்தில்தான். எடுத்துக்கொண்டேன்.

பின் இருக்கையிலிருந்து பெனிட்டோ, “கேப்டன், ஒரே ஒரு தடவை. சின்னதா, தும்மல் மாதிரி” என்றான்.

“தீ எங்க எரியுது, பெனிட்டோ?”

“என் வயித்துல.”

“அதுக்கு வீட்டுல போய்த் தண்ணி குடி.”

முன்னால் குதிரையில் வந்த ஹார்லன் எங்கள் ஜன்னலருகே நிறுத்தினான். “என்ன ஆர்டிஸ், மூஞ்செல்லாம் கரி. ஓட்டுப் போட்டாச்சா?”

“இனிமேதான்.”

அவன் முகம் மாறிவிட்டது. “அப்ப எதுக்கு நிக்கிற? சைரனப் போடு. ஆத்துச் சத்தத்துல நான் கத்தினா பின்னால இருக்கறவனுங்களுக்குக் கேக்காது.”

“தீ அணைஞ்சிடுச்சு, ஹார்லன்.”

“நான்தானே போடச் சொல்றேன்.”

“கேட்டுச்சு.”

அவன் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு, மந்தைக்கு எதிராகவே குதிரையைப் பாலத்துக்குள் திருப்பினான். நல்ல மனசோடுதான் செய்தான். எதிரே குதிரை வந்ததும் கன்றுகள் மிரண்டு நின்றன. தாய்மாடுகள் கன்றுகளைத் தேடித் திரும்பின. நகர்ந்துகொண்டிருந்த மந்தை பாலத்தை அடைத்துக்கொண்டது. என் எதிரி எனக்கு உதவி செய்ய வந்து கெடுத்ததைப் பார்த்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தேன். ஆர்டிஸ் எஞ்சினை அணைத்துவிட்டு, பையிலிருந்த ரொட்டியைப் பிட்டு எங்களுக்குப் பங்கு போட்டாள். நான் வாங்கிக்கொள்ளவில்லை. கோபம் எனக்கு, பசியும் எனக்குத்தான்.

கீழ் ஸ்டேஷன் வாசலில் நாங்கள் இறங்கியபோது வெர்னா கதவைத் தாழிட்டுவிட்டிருந்தாள். வெர்னா தேர்தல் அதிகாரி. அவள் வீடும் எங்கள் பக்கம்தான், எங்கள் வீட்டுக்கும் மேலே. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நின்றுகொண்டு தலையை ஆட்டினாள். கண் கலங்கியிருந்தது.

“நம்ம வண்டிச் சத்தம் உனக்கு ரோட்டு வளைவுலயே கேட்டிருக்குமே” என்று நான் கத்தினேன்.

“கேட்டுச்சு, டெல். ஏழு மணிக்கு வரிசையில நின்னவங்களுக்குத்தான் ஓட்டு. வளைவுல நின்னவங்களுக்கு இல்ல.”

“அவ வேலைய அவ செய்யட்டும். வா” என்று ஆர்டிஸ் என் தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

தீயிலிருந்து வந்தால் யாரும் வீட்டுக்குப் போகுமுன் வண்டியில் தண்ணீர் நிரப்பி, ஹோஸைக் கழுவிச் சுருட்டியாக வேண்டும். அங்கே வாசலிலேயே கழுவிக்கொண்டிருக்கும்போது வெர்னா வெளியே வந்து முடிவைப் படித்தாள். ஆர்டிஸ் இரண்டு ஓட்டில் தோற்றிருந்தாள். வெளியே நின்ற நாங்கள் ஐந்து பேர். யாரும் கூட்டிக் கழித்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஹார்லன் வந்தான். நாங்கள் ஓட்டுப் போட முடியாமல் போனதை அதற்குள் யாரோ சொல்லியிருக்கிறார்கள். நேராக வந்து ஹோஸின் மறுமுனையை எடுத்துப் பிடித்துக்கொண்டான்.

“சைரனப் போட்டிருக்கலாம், ஆர்டிஸ்” என்றான்.

“போட்டிருந்தா நீ ஒதுங்கியிருப்பே. அடுத்த தடவ அது அலறும்போது, நெஜமாவே தீயா, இல்ல ஆர்டிஸுக்கு ஏதோ அவசரமான்னு ஒரு நொடி யோசிப்பே. அந்த ஒரு நொடி எனக்கு வேணாம்.”

ஹார்லன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். “சரி, நான் சொல்லிடறேன். மேல் ஸ்டேஷன் இருந்துட்டுப் போகட்டும். மூடறதுக்கு நான் கை தூக்கல.”

என் நெஞ்சு துள்ளியது. ஒரு மாதமாகத் திட்டித் தீர்த்த மனிதனை அப்படியே கட்டிப்பிடித்திருப்பேன். ஆர்டிஸ் ஹோஸ் சுருட்டுவதை நிறுத்தினாள்.

“வேணாம்” என்றாள். “மூடுவேன்னு சொன்னே, அதுக்குத்தான் உனக்குப் போட்டாங்க. சாயங்காலம் என் கரி மூஞ்சியப் பாத்துட்டு மாத்திக்கிட்டா, அவங்க போட்ட ஓட்டுக்கு என்ன மரியாத?”

“ஆர்டிஸ்” என்றேன் நான்.

“நீ சும்மா இரு, டெல். ஹார்லன், கூட்டத்துக்கு முன்னால ஒரு நாள் இந்த வண்டிய இங்கேருந்து மேல வரைக்கும் நீயே ஓட்டிப் பாரு. அப்புறம் உனக்கு என்ன தோணுதோ, அத எல்லார் முன்னாலயும் சொல்லு. எனக்காக மட்டும் எதுவும் செய்யாதே.”

ஒரே நாளில் இரண்டு தடவை, கைக்கு வந்ததைத் தட்டிவிட்டாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. கூடவே, அங்கே நின்ற அத்தனை பேரிடமும் இவள் என் மனைவி என்று உரக்கச் சொல்ல வேண்டும்போலவும் இருந்தது. எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான் என்பதால் சொல்லவில்லை.

ஹார்லன் ஓட்டிப் பார்த்தான். மேலே வந்து இறங்கியதும் கடிகாரத்தைப் பார்த்தான், பிறகு எங்கள் பக்கத்து மரவீடுகளைப் பார்த்தான். ஜூன் மாதக் கூட்டத்தில், சொன்னபடியே கொட்டகையை மூடக் கை தூக்கினான். உட்காராமல் இன்னொன்றும் சொன்னான்.

“கொட்டகைய மூடுவேன்னு வாக்குக் குடுத்தேன், மூடியாச்சு. வண்டியக் கீழ கொண்டுவருவேன்னு நான் யார்கிட்டயும் சொல்லல. மேலேயே யாராவது இடம் குடுத்தா நிக்கட்டும். தண்ணி உறையாத எடமா இருக்கணும். எனக்கு ஓட்டுப் போட்டவங்க யாருக்காவது இது தப்புன்னு பட்டா இப்பவே சொல்லுங்க.”

யாரும் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் கணப்பு வைத்த பெரிய கட்டடம் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது என் வெல்டிங் பட்டறை. ஆர்டிஸ் திரும்பி என்னைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை, பார்த்தாள், அவ்வளவுதான். கூட்டம் முழுக்க என்னைப் பார்த்தது.

அதிலிருந்து வண்டி என் பட்டறைக்குள் நிற்கிறது, நான் பனியில் வெளியே நின்றுதான் வேலை செய்கிறேன். விரல் மரத்துப்போகும்போதெல்லாம் அவளை வாய்விட்டுத் திட்டுகிறேன். அழைப்பு வந்தால் பட்டறைக் கதவைத் திறக்க முதலில் ஓடுவதும் நான்தான்.