மாமன்னருக்கு ஒரு கை குறைவு

அயர்லாந்தின் பழங்கதைகளில் எல்லா அரசர்களுக்கும் மேலே ஒருவர் இருப்பார். அவருக்கு ‘ஆர்ட் ரீ’ என்று பட்டம், மாமன்னர் என்று பொருள். கணினி விளையாட்டு, சினிமா என்று கண்ட இடமெல்லாம் குந்திவிட்ட அந்தப் பட்டம் கடல் கடந்து, புலம்பெயர்ந்த தமிழர் கூடும் வெக்ஸ்போர்ட் பூங்காவுக்கும் வந்துவிட்டது. அங்கே ஞாயிறுதோறும் பதினைந்து பேர் ஸ்பொஞ்ச் வாள்களோடு மோதிக்கொள்வார்கள். பனிக்காலத்துக்கு முன் நடக்கும் கடைசிச் சண்டையில் வென்றவர் அங்குள்ள ஒரு கல்லில் ஏறிக் கிரீடம் வைத்துக்கொள்ள வேண்டும். பழங்கதையில் உண்மையான மாமன்னர் மிதித்தால் கல் கத்துமாம். இங்கே கல்லுக்கடியில் ஒரு ஸ்பீக்கர். கத்தவைப்பது குழுவைத் தொடங்கிய லெஸ்லியின் போன்.

இந்த வருடம் வென்றது அட்சயா. ஒன்பது வயதில் வன்னியில் ஷெல் பட்டு இடது கை முழங்கையோடு போனவள். பாவம் பார்த்துக் கொடுத்த பரிசுகள் அவள் வீட்டில் ஒரு அலுமாரி நிறைய இருக்கின்றன. அடித்து வென்றது இது ஒன்றுதான். இது அவளுக்கு வேண்டும்.

கோயில் படி ஏறுகிறவள் போல, பழக்கதோஷத்தில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஏறினாள். ஒக்டோபர் குளிர் உள்ளங்காலைக் கடித்தது. கல் கத்தவில்லை.

லெஸ்லி வெள்ளி நிறப் பிளாஸ்டிக் கை ஒன்றை நீட்டினான். “சொரி அட்சயா. கதையிலை கை போன ராசாவை இறக்கிப்போட்டினம். வெள்ளிக்கை பூட்டின பிறகுதான் திருப்பி ஏத்தினவை. ரூல் எண்டா ரூல்தான். இந்தக் கையைப் போடும், நான் போனை அமத்திக் கல்லைக் கத்தவைக்கிறன்.”

“போடமாட்டன்.”

“அப்ப இறங்கும்.”

“இறங்கவும் மாட்டன்.”

லெஸ்லி கெட்டவன் இல்லை. விதி என்று வந்தால் பெற்ற தாயையே வரிசையில் நிற்கவிடுவான், அவ்வளவுதான்.

பத்து நிமிடம் போனது. மழை தூறியது. கால்விரல்கள் விறைத்தன. வென்ற பிறகும் நீ முழுசா என்று கேட்கிறார்களே என்ற ஆத்திரம்தான் அவளை நிறுத்தி வைத்திருந்தது.

கடைசிச் சண்டையில் அவளிடம் தோற்ற யூட்சன் விலாவைத் தடவிக்கொண்டு முன்னால் வந்தான். “எனக்கு அடிச்ச கை அங்கைதானே இருக்கு. இன்னொண்டு என்னத்துக்கு?”

சிலர் சிரித்தார்கள். லெஸ்லி போனைத் தொடவில்லை.

அட்சயா நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக் கத்தினாள். நாயோடு போன கிழவர் ஒருவர் நின்று திரும்பிப் பார்த்தார். மறுபடியும் கத்தினாள். இந்த முறை யூட்சனும் கத்தினான், பிறகு மற்றவர்களும்.

“கல்லு கத்தேல்லையே,” என்றான் லெஸ்லி.

“மேலை நிக்கிறவள் கத்தியிட்டாள்,” என்றாள் அட்சயா. “நீர் கிரீடத்தை எடுத்துத் தாரும். அதை வைக்க ஒரு கை காணும்.”

லெஸ்லி எடுத்துக் கொடுத்தான்.