கர்த்தர் சொன்ன கிட்னிக் கல்

பொன்னுரங்கத்திடம் கர்த்தர் இதுவரை பேசியதில்லை. சிப்காட் தொழிற்பேட்டையில் பாய்லர் பக்கமே நின்று மந்தமான காது. அவர் கூப்பிட்டது கேட்காமல் போயிருக்கும் என்று தன்னைத் தேற்றிக்கொள்வான்.

மனைவி மங்கலத்துக்குப் பித்தப்பையில் கல். இனித் தள்ளிப்போட்டால் ஆபத்து, திங்கட்கிழமையே ஆபரேஷன் என்று சிதம்பரத்து டாக்டர் சொல்லிவிட்டார். பொன்னுரங்கம் சபை வாட்ஸ்அப் குழுவில் ஜெப விண்ணப்பம் போட்டான். பதற்றத்தில் கிட்னியில் கல் என்று அடித்துத் தொலைத்தான்.

ஞாயிறு ஆராதனையில், வெளியூரிலிருந்து வந்திருந்த தீர்க்கதரிசி பாலகுமார் கண்களை மூடிக்கொண்டு பெண்கள் பக்கம் கை நீட்டினார்.

"மங்கலம் என்கிற மகளே! உன் கிட்னியில் இருக்கும் கல்லைக் கர்த்தர் இப்பவே கரைக்கிறார். உன்மேல் கத்தி படக்கூடாது என்கிறார்!"

கடலூரே அதிர அல்லேலூயா எழுந்தது. பொன்னுரங்கம் பாய்க்கு அடியில் புகுந்துகொள்ள முடியுமா என்று பார்த்தான். மங்கலம் நேராகப் போய் மைக்கை வாங்கினாள்.

"ஐயா, கல்லு எனக்குப் பித்தப்பையில. கிட்னின்னு குரூப்புல போட்டது எங்க வூட்டுக்காரரு. என்னைப் படைச்சவருக்கு எது எங்க இருக்குன்னு தெரியாதா?"

"அவிசுவாசம் கூடாது மகளே."

"அவரு பேசுறாருன்னு நான் நம்பறேன். பேசுனா சரியா பேசுவாரு."

மறுநாள் சிதம்பரத்தில், சம்மதக் கையெழுத்துக்காகப் பேனாவைத் திறந்தபோது பொன்னுரங்கத்தின் போன் அடித்தது. பாலகுமார்தான்.

"பிரதர், குடும்பத்துக்கு நீங்கதான் தலை. கையெழுத்துப் போடாதீங்க. போட்டா அவுங்க உயிருக்கு நான் பொறுப்பில்ல. கர்த்தர் மறுபடியும் சொல்றாரு."

பொன்னுரங்கத்தின் பேனா தாளுக்கு மேலேயே நின்றது. ஒருவேளை நிஜமாகவே சொல்லியிருந்தால்?

ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்த மங்கலம் தலையைத் தூக்கினாள். "யாருங்க, அவரா? இன்னிக்கு எந்த உறுப்பாம்?"

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வாயோடு போனில் சொன்னான்: "ஐயா, சொல்லணும்னா எங்கிட்டயே நேரா சொல்லச் சொல்லுங்க. இங்கதான் நிக்கிறேன்."

போனை வைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டான். எழுத்து கோணிக்கொண்டு போனது.

ஸ்ட்ரெச்சரைத் தள்ளும்போது கூடவே ஓடினான். "உங்கிட்ட கர்த்தர் எதனா சொன்னாரா மங்கலம்?"

"போயிட்டு வரேன்னு சொன்னேன். வேணாங்கல."

கதவு மூடிக்கொண்டது. பயம் மட்டும் வெளியே அவனோடு நின்றது. பொன்னுரங்கம் மேலே பார்த்தான், மின்விசிறிதான் சுற்றியது.

"ஆண்டவரே, நீர் பேசாட்டியும் போவட்டும். நான் பேசுறத கேட்டுக்கும். அவ திரும்பி வரணும்."

வராந்தாவில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் இன்னும் சத்தமாகச் சொன்னான்.