தொண்ணூற்றாறு மாத்திரைகள்

1

இந்தக் கதை ஒரு காபித்தூள் டப்பாவிலிருந்து பிறந்தது. நகரியிலிருந்து திருப்பதி போகும் பஸ்ஸில், ஒரு பெண்மணியின் மடியில், பைக்குள் இருந்துகொண்டு ஒவ்வொரு பள்ளத்துக்கும் அது கலகலவென்று சத்தம் போட்டது. உள்ளே என்ன என்று பக்கத்தில் இருந்தவன் கேட்டான். கிடைத்த பதில்தான் கதை. வாயை மூடிக்கொண்டு வந்திருந்தால் அவனுக்கு நிம்மதியாவது மிஞ்சியிருக்கும்.

(கேட்டவன் யார் என்பதைப் பிறகு சொல்கிறேன். இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.)

2

தொடக்கம், முதல் முயற்சி: நாகபூஷணம் கள்ளங்கபடமற்ற ஒரு நெசவாளி. அவருடைய வாழ்க்கை விசைத்தறியின் ஓசையோடு...

வேண்டாம். கள்ளங்கபடமற்றவர் செய்கிற காரியமா அவர் செய்தது?

இரண்டாம் முயற்சி: 2015ஆம் வருடம், சித்தூர் மாவட்டம் நகரியில் விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்த நாகபூஷணத்துக்கு, அறுபத்தாறு வயதில், புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் என்று தெரிந்தது. திருப்பதியில் ஒரு டாக்டர் தினம் ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்தார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்து பி.எஸ்.ஏ. என்று ஓர் எண்ணைப் பார்ப்பார்கள். எண் ஏறினால் நோய் ஏறுகிறது. நாற்பதில் இருந்தது இரண்டுக்கு இறங்கிய அன்று, அவர் மனைவி ரத்னம்மா பாயசம் வைத்தாள்.

இது பரவாயில்லை, இதையே வைத்துக்கொள்வோம்.

டல்லாஸில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் மகன் சுரேஷ்பாபுவால் சும்மா இருக்க முடியவில்லை. தூரத்தில் இருக்கிற பிள்ளைகளுக்கு எதையாவது அனுப்பினால்தான் மனசு ஆறும். மாதுளை, மஞ்சள், பச்சைத் தேயிலை, ப்ராக்கோலி ஆகியவற்றின் சாரத்தை அடைத்த காப்ஸ்யூல் நான்கு பாட்டில் வந்து சேர்ந்தது. [ப்ராக்கோலியை ரத்னம்மாவுக்கு யாராலும் விளக்க முடியவில்லை. பச்சைக் காலிபிளவர் என்று முடித்துக்கொண்டார்கள்.] மாத்திரையோடு கூடவே சாப்பிடட்டும், கொஞ்சம் தெம்பு வரும் என்றுதான் அனுப்பினான். 'கூடவே' என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. அமெரிக்கா போன பன்னிரண்டு வருடத்தில் பத்தியம் என்று ஒன்று இருப்பதையே மறந்திருந்தான்.

ரத்னம்மா ஒரு பாட்டிலை எடுத்துக்கொண்டு மருந்துக்கடை கோவர்த்தனனிடம் போனாள்.

"இதுல இன்னா போட்டுக்கீதுன்னு படிச்சி சொல்லுப்பா."

கோவர்த்தனன் பாட்டிலின் முன்பக்கத்தைப் பார்த்தான். "எல்லாம் செடிகொடிதான்க்கா. நம்ம நாட்டு மருந்து மாதிரிதான்."

அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்தாள்.

3

நாட்டு மருந்து என்றால் அந்த வீட்டில் ஒரு சட்டம் உண்டு.* ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள், கத்திரிக்காய் இல்லை, கருவாடு இல்லை, இங்கிலீஷ் மருந்து இல்லவே இல்லை.

"பத்தியம் கெட்டா மருந்து வேல செய்யாதுமே," என்றார் நாகபூஷணம். "புள்ள அவ்ளோ தூரத்துல இருந்து அனுப்பிச்சிக்கிறான். வீணா போவணுமா?"

"டாக்டருக்கு இன்னா சொல்றது?"

"அவருக்கு எதுக்கு? ரெண்டு மண்டலம். அப்பறம் அவுரு மாத்திரைய துன்றேன்."

அவள் தயங்கினாள். அவர் அவள் கையைப் பிடித்து இழுத்து, சுவரில் மாட்டியிருந்த சுரேஷ்பாபுவின் காலேஜ் போட்டோவில், தலைமேல் வைத்தார்.

"யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு புள்ள தலையில சத்தியம் பண்ணு."

பண்ணிவிட்டாள்.

ஞாயிறுதோறும் மகன் வீடியோவில் வருவான். "நைனா, மாத்திர அட்டைய காட்டு." காலி அட்டையைக் காட்ட வேண்டும். அதனால் ரத்னம்மா தினம் காலையில் ஒரு மாத்திரையைப் பிதுக்கிக் காபித்தூள் டப்பாவில் போட்டாள். மருந்தைக் குப்பையில் போட அவளுக்குக் கை வரவில்லை. இப்படியே தொண்ணூற்றாறு சேர்ந்தது.

* 1991இல் நாகபூஷணத்துக்கு மஞ்சள்காமாலை. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்த வைத்தியர், "ஒரே வயித்துல ரெண்டு மருந்து போனா ஒன்னோட ஒன்னு அடிச்சிக்கும்" என்றார். உப்பில்லாத மோர்ச்சோறு சாப்பிட்டுப் பிழைத்தவர் அந்தச் சொல்லைச் சாகும்வரை விடமாட்டார். (சாகும்வரை என்பதை அடிக்க வேண்டும்.)

4

அடுத்த ரத்தப் பரிசோதனையில் எண் முப்பத்தொன்று.

"இந்த மாத்திரை இனிமே கேக்காது போல. கீமோ ஆரம்பிக்கணும், செவ்வாய்க்கிழமை வாங்க," என்று டாக்டர் போனில் சொன்னார்.

ரத்னம்மாவுக்குத் தெரியும். மாத்திரை கேட்காமல் போகவில்லை, உள்ளேயே போகவில்லை. அது தெரியாமல் டாக்டர் வேறு வைத்தியம் பார்க்கப்போகிறார். சொன்னால் புருஷன் பிழைக்க வழி உண்டு. ஆனால் சத்தியம் முறிந்தால்? தினமும் அறுபது மைல் கார் ஓட்டிக்கொண்டு வேலைக்குப் போகிற பிள்ளை. செவ்வாய் காலை அவனுக்கு இரண்டு தடவை போன் செய்தாள். குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாள். டப்பாவை ஏன் பைக்குள் போட்டுக்கொண்டாள் என்று அவளுக்கே தெரியாது.

பஸ் புத்தூர் தாண்டியது. ஜன்னலோரம் நாகபூஷணம் தூங்கிவிட்டார். பக்கத்தில் இருந்த கோவர்த்தனன், "இன்னாக்கா சத்தம் அது?" என்று...

நிற்க. மருந்துக்கடைக்காரன் கடையைப் பூட்டிவிட்டு எதற்கு இவர்களோடு பஸ்ஸில் வருகிறான்? மூன்று காரணம் எழுதிப் பார்த்தேன். (மைத்துனன் கல்யாணம். திருமலையில் மொட்டை. சரக்கு எடுக்க ரேணிகுண்டா...) ஒன்றும் ஒட்டவில்லை. ஒட்டாது.

5

கோவர்த்தனன் என்று யாரும் இல்லை.

எங்கள் தெருவில் இங்கிலீஷில் எது வந்தாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். எழுதுகிறவன், படித்தவன் என்று ஒரு மரியாதை. பாட்டிலும் என்னிடம்தான் வந்தது. அன்று ஒரு கதை பாதியில் நின்றிருந்தது, அவளைச் சீக்கிரம் அனுப்ப வேண்டும். முன்பக்கத்தை மட்டும் பார்த்துப் பெரிய மனுஷன் மாதிரி சொல்லிவிட்டேன். டாக்டர் தரும் ரிப்போர்ட்டைப் படித்துச் சொல்லக் கூட வரச்சொன்னதும் என்னைத்தான்.

பஸ்ஸில் அவள் எல்லாவற்றையும் சொல்லி முடித்தபின், டப்பாவோடு அவள் பையில் கிடந்த பாட்டிலை வாங்கித் திருப்பினேன். பின்பக்கத்தில், எறும்பு சைஸ் எழுத்தில், டாக்டர் கொடுத்த மருந்தை நிறுத்தாதீர்கள் என்று இருந்தது. எனக்கு அவமானமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

"டாக்டர்கிட்ட சொல்லிடணும்க்கா."

"நான் எப்பிட்றா சொல்லுவேன்? புள்ள தலையில கைய வச்சிக்கீறேனே."

டப்பாவை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

6

முடிவு ஒன்று: ரத்னம்மா டப்பாவை மேஜைமேல் வைக்கிறாள். டாக்டர் கத்துகிறார், பழைய மாத்திரையையே மறுபடி ஆரம்பிக்கிறார். டல்லாஸிலிருந்து கெட்ட சேதி எதுவும் வரவில்லை. எனக்குப் பிடித்த முடிவு. ஆனால் அவளை எனக்குத் தெரியும். பிள்ளையைப் பணயம் வைக்கமாட்டாள்.

முடிவு இரண்டு: யாரும் பேசவில்லை. நாகபூஷணத்தின் கையில் ஊசி...

(இதற்கு மேல் எழுத வரவில்லை.)

முடிவு மூன்று: நாகபூஷணமே உண்மையை ஒப்புக்கொள்கிறார்.

இல்லை. அந்த அறையில் நடந்தது இது:

"மாத்திர ரோஜூ வேசுகுன்னாரா? தினம் தப்பாம போட்டீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"ஒரு நாள் தப்பல சார்," என்றார் நாகபூஷணம்.

ரத்னம்மாவின் மடியில் டப்பா லேசாகக் கலகலத்தது. டாக்டர் பேனாவைத் திறந்து சீட்டை இழுத்துக்கொண்டார். அவள் புருஷனைப் பார்க்கவில்லை, டாக்டரைப் பார்க்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள்.

சத்தியம் கேட்டவர் பேசமாட்டார். செய்தவள் பேச முடியாது. மிச்சம் நான். வாயைத் திறந்தால், நாட்டு மருந்து மாதிரிதான் என்று சொன்னவன் யார் என்பதும் வெளியே வரும்.

எட்டு நாளாக இந்த இடத்தைத் தாண்டி என்னால் எழுத முடியவில்லை. நான் பாட்டிலில் பாதியைப் படித்தவன். நீங்கள் இதைக் கடைசிவரை படித்துவிட்டீர்கள். யார் தலையிலும் நீங்கள் கை வைக்கவில்லை. அவள் இப்போது உங்களைப் பார்க்கிறாள், டாக்டர் எழுத ஆரம்பித்துவிட்டார்.

சொல்லுங்கள்.