தூக்கத்தில் போன சம்மதம்

சண்டை வேண்டாம் என்பதற்காகவே தொடங்கிய சங்கம் அது. ஆலைகளில் பிள்ளைகளை வேலைக்கு வைக்காதே, சிறையில் சவுக்கால் அடிக்காதே, பெண்களுக்கும் ஓட்டுக் கொடு என்று அரசாங்கத்தோடு மல்லுக்கு நின்றதும் அதே பெஞ்சுகளில் உட்கார்ந்துதான். கைதூக்கி எண்ணும் பழக்கம் அங்கே கிடையாது. தலைவி தீர்மானத்தைச் சொல்வார், எல்லாரும் கண்ணை மூடி உட்கார்வார்கள். ஒருவர் ‘வேண்டாம்’ என்றாலும் அது விழுந்தது. யாரும் வாய் திறக்காவிட்டால் நிறைவேறியது.

அந்த ஞாயிறு காலைத் தீர்மானம், மூண்டுவிட்ட போரில் இந்த ஒரு தடவை மட்டும் சங்கம் அரசாங்கத்தின் பக்கம் நிற்கலாம் என்பது. கொண்டுவந்தவர் தையற்காரர். அவர் மகன் பட்டாளத்தில் இருந்தான். ‘வேண்டாம்’ சொல்லப்போவது யார் என்பதும் தெரிந்த கதைதான். அவருடைய தங்கை புருஷன், இரும்பு வார்க்கிறவர்.

ராத்திரி ஷிப்டு முடிந்து முகம்கூடச் சரியாகக் கழுவாமல் வந்தவர், கணப்படுப்புக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அங்கேதான் பிசகிப்போனது.

கண்ணை மூடினார். உருகிய இரும்பு பால் மாதிரி அச்சுக்குள் இறங்கியது. முன்பு தண்ணீர்க் குழாய் வார்த்த ஆலை, இப்போது வார்ப்பது பீரங்கிக் குண்டுக்கு ஓடு. ஆனால் அச்சை உடைக்க உடைக்கக் குழாயாகவே வந்தது. குழாய்கள் தாமாகக் கோத்துக்கொண்டு தெருத்தெருவாக ஓடின. செத்துப்போன பழைய உறுப்பினர்கள் வாளியோடு வரிசையில் நின்றார்கள். கடைசியில் மச்சான் மகன், பூட்ஸ் நிறையத் தண்ணீரோடு சிரித்தான். இவர் எழுந்து ‘வேண்டாம்’ என்றார். குரல் கணீரென்று வந்தது. தோளில் இருந்த சுமையை யாரோ இறக்கியதுபோல் இருந்தது.

பெஞ்சு நகரும் சத்தத்தில் விழித்தார். அவர்மேல் தையற்காரரின் கோட்டு கிடந்தது.

“விழுந்துடுச்சா மச்சான்?”

“நிறைவேறிடுச்சு மாப்ள.”

“நான் வேண்டாம்னு சொன்னேனே.”

“குறட்டைதான் வந்துச்சு. அதுவும் ரெண்டு சுருதியில.”

“எழுப்பக்கூடாதா?”

“எழுப்பினா சொல்லிடுவியே.” தையற்காரர் சிரிக்கவில்லை. “கணப்பு தணிஞ்சு நீ நடுங்கின, கோட்டைப் போட்டேன். அதுல சூது இல்ல. எழுப்பாததுலதான் சூது.”

தலைவி கையை நீட்டிக்கொண்டு வந்தார். எல்லாரும் எல்லாரோடும் கைகொடுத்தால்தான் கூட்டம் முடியும். இரும்பு வார்க்கிறவர் கைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

“இன்னும் முடியலம்மா. எனக்கு இது வேண்டாம்.”

கரி அடைத்த தொண்டையில் கரகரவென்று வந்தது. உடம்பு லேசாகவில்லை.

“ராத்திரி பூரா குண்டுக்கு ஓடு வார்த்துட்டு, விடிஞ்சா சமாதானமா?” என்றார் தையற்காரர்.

“அது வயித்துக்கு மச்சான். இங்க கூலி இல்ல, இங்கயாவது உள்ளதைச் சொல்லிக்கிறேன்.”

“உன் மருமகன் அங்க நிக்கறான்டா.”

“அவன் திரும்பி வரணும்.”

தலைவி நீட்டிய கையை இறக்கினார். “தீர்மானம் விழுந்தது.”

இப்போது இரும்பு வார்க்கிறவர் மச்சானிடம் கையை நீட்டினார். தையற்காரர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“இன்னிக்கு முடியாது மாப்ள.”

“முடியறப்போ குடுங்க.”

தையற்காரர் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனார். கூட்டம் முடியவில்லை. முடியாத கூட்டத்தோடேயே எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள். அந்த வாரம் முழுக்க அந்தக் கூட்டத்துக்குள்ளேயே நடமாடினார்கள். தெருவில் தாழ்ந்த குரலில் பேசினார்கள். உலைமுன் நின்றவருக்கு எதிரே யாரோ கண்ணை மூடி உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. தையற்காரர் துணியில் ஊசியைக் குத்திவிட்டு, இழுக்காமல் வெகுநேரம் அப்படியே இருந்தார்.