அப்பாவுக்கு எதிர்ப்பக்கம்

என் அண்ணனுக்கு ஒரே ஒரு வித்தை தெரியும். அதை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருடமாக ஊர் உலகமெல்லாம் சுற்றிக்கொண்டிருக்கிறான். நகைக்கடை விளம்பரப் பலகையைப் பார்த்துவிட்டால் போதும், அதற்குக் கீழே ஒரு பிச்சைக்காரர் வந்து உட்காரும்வரை வெயிலில் காத்துக் கிடப்பான். உட்கார்ந்ததும் ஒரு கிளிக். இரண்டு விஷயங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டால் மூன்றாவதாக ஓர் அர்த்தம் தானே பிறக்கும் என்று மேடைக்கு மேடை சொல்வான். பிறக்கும்தான், யார் இல்லை என்றது. பிறந்த அர்த்தம் அந்தப் பிச்சைக்காரருக்கு ஒரு வேளைச் சோறாவது போட்டதா என்று எந்த மேடையிலும் யாரும் கேட்டதில்லை. கைதட்டிவிட்டு எழுந்து போனார்கள்.

அவனுடைய பயணப் படங்கள் புத்தகமாக வருவதென்று முடிவானபோது, பக்கங்களை அமைக்கிற வேலை என்னிடம் வந்தது. நான் ஒரு பதிப்பகத்தில் லேஅவுட் செய்கிறவள். தங்கச்சி என்கிற பாசத்தில் கொடுத்தான் என்று யாரும் உருகிவிட வேண்டாம். எத்தனை முறை மாற்றச் சொன்னாலும் முகம் சுளிக்காமல் மாற்றுவேன் என்றுதான் கொடுத்தான்.

புத்தகத்திலும் அதே வித்தைதான். இடப்பக்கம் ஒரு படம், அதற்கு எதிரே வலப்பக்கம் ஒரு படம், இரண்டும் வெவ்வேறு தேசத்தில் எடுத்தவை. பளிங்குச் சிலையின் பாதம், மூட்டை தூக்குபவரின் பாதம். குடைக்குக் கீழே நடந்து போகும் நாய்க்குட்டி, மழையில் நனைந்து நிற்கும் காவலாளி. மூன்றாவது ஜோடியிலேயே ஆளின் சாமர்த்தியம் தெரிந்துவிடும். அதற்கப்புறம் நூற்றுச் சொச்சம் பக்கம் அதையே அரைத்திருக்கிறான்.

கடைசி ஜோடியைத் திறந்தேன். இடப்பக்கம் ஒரு நீர்யானை, சேற்றில் நின்றுகொண்டு வாயைப் பிளந்தபடி. வலப்பக்கம் அப்பா.

அப்பா என்னோடுதான் இருக்கிறார். பக்கவாதம் வந்ததிலிருந்து அவருடைய வாயில் ஒரு பக்கம் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. சிரித்தால் ஒருபுறமாக இழுத்துக்கொண்டு திறக்கும், மூடுவதற்கு நேரமாகும். அந்தப் படத்தில் அவர் சிரிக்கிறார். இரண்டு வருடம் எட்டிப் பார்க்காத மகன் திடீரென்று வாசலில் வந்து நின்ற மத்தியானம் அது. சந்தோஷம் தாங்காமல் வாய்விட்டுச் சிரித்தார். எந்தப் பிள்ளையும் ஓடிவந்து கையைப் பிடித்திருக்கும். இவன் பையைத் திறந்து கேமராவை எடுத்தான்.

அப்பா படத்தையே நீக்கிவிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. மகன் போடுகிற புத்தகத்தில் தான் வரப்போவதாக அப்பா தெருவில் ஒருவர் பாக்கியில்லாமல் சொல்லி வைத்திருந்தார். மருந்துக்கடைக்காரர் என்னைப் பார்த்தால் முதலில் அதைத்தான் விசாரிப்பார், அப்புறம்தான் மாத்திரை. எதிர்ப்பக்கத்தில் என்ன வருகிறது என்பது மட்டும் அப்பாவுக்குத் தெரியாது.

அண்ணனுக்கு ஃபோன் செய்தேன்.

"அண்ணா, அப்பாவுக்கு எதிர்ல அந்த நீர்யானை வேணாம்."

"ஏன்? புக்லயே அதுதான் உச்சம். ஒரே வடிவம், ஒரே வெளிச்சம். பசின்னா என்னன்னு சும்மா அறையற மாதிரி சொல்லுது."

"அவர் பசியில வாயைத் திறக்கலண்ணா. உன்னைப் பாத்துச் சிரிச்சார்."

"அது உனக்குத் தெரியும். பாக்கறவனுக்குத் தெரியணும்னு என்ன இருக்கு?"

"பாக்கறவன் அப்பாவைப் பாத்துச் சிரிப்பான்."

"சிரிக்கட்டும். முதல்ல சிரிப்பான், அப்புறம் யோசிப்பான். இதெல்லாம் உனக்குப் புரியாதும்மா. வேணும்னா வேற ஜோடி தேடிப் பாரு. நல்லா இருந்தா வெச்சுக்கலாம்."

உச்சமாம். பெற்ற அப்பாவை மிருகக்காட்சி சாலையில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு அதற்குப் பெயர் உச்சம்.

தேடினேன். அவன் கொடுத்திருந்த படங்களை ஒவ்வொன்றாக அப்பாவுக்கு எதிரே வைத்துப் பார்த்தேன். குகை வாசலை வைத்தால் அப்பா பாழடைந்து போனார். சூரியன் மறைகிற கடலை வைத்தால் செத்தே போனார். மேடையில் பாடும் ஒரு பெண்ணை வைத்தேன். அவள் பாடினாள், அவர் அலறினார். சிரிக்கிற குழந்தை ஒன்று கிடைத்தது, அப்பாடா என்று வைத்தேன், அப்பாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது. இத்தனை தேசம் சுற்றிவந்தவனிடம், ஒரு மனுஷனும் இன்னொரு மனுஷனும் சரிசமமாக நிற்கிற மாதிரி ஒரு படம் இல்லை. ஒருவரைக் காட்டி இன்னொருவரைக் குட்டுவதற்காகவே எடுத்துத் தள்ளியிருக்கிறான்.

வேண்டாமென்று கழித்துப் போட்டவற்றில்தான் அது இருந்தது. ஏதோ ஒரு தெருவில் துணிக்கடைக் கண்ணாடியை எடுத்திருக்கிறான். உள்ளே நிற்கும் பொம்மைகளோடு இவனுடைய பிம்பமும் கண்ணாடியில் விழுந்திருந்தது. ஒரு கண் கேமராவில், இன்னொரு கண் இறுக மூடி, வாய் ஒருபுறமாக இழுத்துக்கொண்டு ஆவென்று திறந்திருந்தது. படம் எடுக்கும்போது அவனுக்கு எப்போதும் அப்படித்தான் ஆகும். சொன்னால் கோபித்துக்கொள்வான் என்று நாங்கள் யாரும் சொன்னதில்லை.

அவனைப் பெரிதாக்கி அப்பாவுக்கு எதிரே வைத்தேன். அதே வாய், பக்கவாதம் வராமலேயே. அப்பாவும் பிள்ளையும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வது மாதிரி இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தப் புத்தகத்தில் உருப்படியான ஒரே ஜோடி அதுதான்.

மறுநாள் காலையில் பதிப்பகத்துக்கு வந்து என் மானிட்டரைப் பார்த்தவனுக்கு முகம் சிவந்துவிட்டது.

"என்ன இது?"

"வேற ஜோடி தேடச் சொன்னியே."

"கிண்டலா? நான் இவ்வளவு கோரமாவா இருக்கேன்? இதைப் பாத்தா நாலு பேர் என்ன நினைப்பாங்க?"

"முதல்ல சிரிப்பாங்க. அப்புறம் யோசிப்பாங்க."

"எடு முதல்ல."

"எடுக்கறேன். நீர்யானையும் வராது. அது வந்தா நீயும் வருவே. அச்சுக்கு அனுப்பப் போறது நான்தான்."

"மிரட்டறியா?"

"ஆமாண்ணா."

அச்சகத்திலிருந்து ஃபைல் கேட்டு மறுபடியும் ஃபோன் அடித்தது. அவன் தன்னுடைய படத்தை ஓரக்கண்ணால் இன்னொரு முறை பார்த்தான். பக்கத்துப் படத்திலிருந்த அப்பாவை அப்போதுகூடப் பார்க்கவில்லை.

"ஒண்ணும் வைக்காதே. வெள்ளையா விட்டுத் தொலை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

புத்தகம் வந்தது. அதைக் கொண்டுவந்து கொடுக்கக்கூட அவனுக்கு நேரமில்லை, வேறு எங்கோ பறந்துவிட்டான். அப்பாவின் மடியில் வைத்து நான்தான் பக்கம் புரட்டினேன். பாதங்களைப் பார்த்தார். நாய்க்குட்டியைப் பார்த்தார். எதையும் அவசரமாகக் கடக்கவில்லை. கடைசியில் அவரே வந்தார். வலப்பக்கம் அவர், இடப்பக்கம் வெறும் தாள். அந்த வெள்ளைத் தாளை உள்ளங்கையால் தடவிக்கொண்டே இருந்தார். ஏன் காலியாக இருக்கிறது என்று கேட்டால் என்ன பொய் சொல்வது என்று எனக்குப் பதறியது.

"பாத்தியாம்மா" என்றார், வார்த்தையை மெதுவாக இழுத்து. "எல்லாப் படத்துக்கும் எதிர்ல இன்னொரு படம் வெச்சிருக்கான். எனக்கு மட்டும் வெக்கல."

"ஆமாம்ப்பா."

"உலகம் பூரா சுத்தியும் அப்பாவுக்கு ஈடா ஒண்ணும் கிடைக்கல போலிருக்கு. அதான் வெறுமனே விட்டுட்டான்." புத்தகத்தை மடியில் இன்னும் நெருக்கிக்கொண்டார். "எவ்வளவு மரியாதை தெரிஞ்ச புள்ள! நீதான் எப்பப் பாரு அவனைக் குறை சொல்லிட்டே இருக்கே. இதையெல்லாம் அவன்கிட்ட கத்துக்கணும்மா நீ."

"கத்துக்கறேம்ப்பா" என்று சொன்னேன்.